குமிழிக்குக் காவல்

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கக் குழாயடியில் நவநீதகிருஷ்ணன் மூன்றாவது தடவையாகக் கை கழுவிக்கொண்டிருந்தான். ஒரு தடவை சோப்புப் போட்டால் போதும் என்று நர்ஸ் ராக்கம்மாள் சொல்லியிருந்தாள். அவன் கேட்பதாயில்லை. பெற்ற மகளைப் பார்க்க அவனுக்குக் கிடைப்பது ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் தன்னால் அவளுக்கு ஒரு தூசி அளவுகூடக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று நினைத்தான், பாவம்.

போன வாரம் அவனை நாம் விட்டுவிட்டு வந்ததும் இதே குழாயடியில்தான். திருச்சுழியில் சோடா கம்பெனி நடத்துகிறவன், முப்பது வயது. மனைவி சுகப்பிரியாவுக்கு ஏழாம் மாசத்திலேயே கால் வீங்கி ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. வளைகாப்புக்கு வாங்கிய வளையல் பெட்டியைப் பிரிப்பதற்குள் அவளை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்து, ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ முந்நூறு கிராம். பிறந்ததும் அழவில்லை, முனகியது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது.

நுரையீரல் இன்னும் முதிரவில்லை என்று சொல்லிவிட்டு, டாக்டர் துர்காதேவி குழந்தையின் மூக்கில் சின்னஞ்சிறு குழாயைப் பொருத்தி, அதைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நவநீதகிருஷ்ணனின் அண்ணன் சங்கரபாண்டியனுக்கு அந்தப் பாட்டிலைக் கண்டதுமே பற்றிக்கொண்டு வந்தது. பஜாரில் பெரிய கடை வைத்திருப்பவர், ஊரெல்லாம் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர். எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் காலி குளுக்கோஸ் பாட்டிலா வைத்தியம் என்று கேட்டுவிட்டுப் போனவர், மதுரைக்கு நாலு போன் போட்டு, பெரிய மிஷின் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

குழந்தைகள் அறைக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டிதான். அதற்குள், பல்பு வெளிச்சத்தில், தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு மகள் கிடந்தாள். பெட்டிக்கு வெளியே ஆக்ஸிஜன் சிலிண்டரும் காற்று அடிக்கும் சின்ன மோட்டாரும் இருந்தன. இரண்டிலிருந்தும் வருவது ஒரு திருகு வழியாகக் கலந்து மூக்குக்குப் போனது. மூக்கிலிருந்து புறப்பட்ட இன்னொரு குழாய், கீழே நின்ற பாட்டிலின் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. பாட்டிலில் ஒட்டிய பிளாஸ்திரியின் மேல் ஒன்றிலிருந்து ஆறு வரை பேனாவால் கோடு கிழித்திருந்தது.

ராக்கம்மாள், சுகப்பிரியா பீய்ச்சி வைத்த பாலை வாங்கிவர வார்டுக்குக் கிளம்பினாள். பெட்டியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். பெட்டியை அவன் தொடவில்லை. அந்த மட்டில் அவன் சுத்தம்.

முதல் இரண்டு நாளும் அவன் மகளின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. குபுகுபுவென்ற சத்தம் மோட்டாருடையது என்று நினைத்திருந்தான். இன்றைக்குத்தான் கண் கீழே இறங்கியது. பாட்டில் தண்ணீருக்குள்ளிருந்து குமிழி குமிழியாகக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பகீரென்றது.

சோடா கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்தவன் அவன். காஸ் சிலிண்டரிலிருந்து மிஷினுக்குப் போகும் ரப்பர் குழாயை மாதம் ஒரு தடவை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் குழாய் ஒழுகுகிறது. உடனே திருகை மூட வேண்டும், கேள்வியே கிடையாது. பதினாலு வயதில் அண்ணாச்சி தலையில் குட்டிக் கற்றுக்கொடுத்தது அது. அவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் செய்வான்.

மகளுக்குப் போக வேண்டிய காற்று மூன்று நாளாகத் தண்ணீரில் வீணாகிறது, ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை என்று நினைத்தபோது அவனுக்கு ஆத்திரமே வந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. கை நீண்டது. திருகைப் பிடித்து, அழுத்தமாக, முழுசாக மூடினான். குமிழி மெதுவாகி நின்றது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த அரை நிமிஷம் அவனுக்குப் பெருமையாகவே இருந்தது.

நிமிர்ந்து பெட்டிக்குள் பார்த்தான்.

மகளின் நெஞ்சு நடுவில் குழிந்து குழிந்து எழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்தது. முனகல் மறுபடியும் தொடங்கியது. அப்புறம் அதுவும் குறைந்தது. உதட்டைச் சுற்றி ஒரு நீலம் படர்ந்தது. ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. ஒழுகலைத்தான் அடைத்தாகிவிட்டதே.

வாசலில் நுழைந்த ராக்கம்மாள் குழந்தையைப் பார்க்குமுன்பே சத்தம் இல்லாததைக் கேட்டுவிட்டாள். பால் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்தாள். ஒரு கை திருகைத் திறந்தது, மறு கை பெட்டிக்குள் போய்க் குழந்தையின் முகவாயை லேசாக நிமிர்த்தியது. உள்ளங்காலைச் சுண்டினாள். பாட்டில் மறுபடி குபுகுபுத்தது. முதலில் உதடு சிவந்தது, பிறகு நகம். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் இருக்காது.

"என்ன செஞ்சீக?" என்றாள் ராக்கம்மாள்.

"ஒழுகுச்சுக்கா. மூடிட்டேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இதற்கு நடுவே வராந்தாக் கண்ணாடி வழியாக இன்னொரு ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்தது நம் நவநீதகிருஷ்ணனுக்குத் தெரியாது. அண்ணாச்சியின் மனைவி, அவனுடைய மதினி கோகிலாம்பாள், இட்லித் தூக்குடன் அந்நேரம்தான் வந்தாள். பிள்ளை நீலமானதைப் பார்த்தாள், நர்ஸ் ஓடியதைப் பார்த்தாள். திருகை மூடியது யார் என்பதை மட்டும் பார்க்கவில்லை. தூக்கை அங்கேயே வைத்துவிட்டு, முன்பக்கம் இருந்த போனுக்கு ஓடினாள்.

டாக்டர் துர்காதேவி வந்து குழந்தையைப் பரிசோதித்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். ஒரு நிமிஷம் முழுசாகக் கடிகாரம் பார்த்து மூச்சை எண்ணினார். எழுபத்தெட்டு. அறுபதுக்குள் இருக்க வேண்டும், நேற்று இரவு எழுபது இருந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார். பிறகு அவனை வெளியே கூட்டிவந்து, ஏன் மூடினீர்கள் என்று நிதானமாகக் கேட்டார். அவன் வாளியையும் ரப்பர் குழாயையும் பற்றிச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான்.

டாக்டருக்குச் சொந்த ஊர் காரியாபட்டி. மதுரையிலும் வேறு பெரிய ஊர்களிலும் படித்து வேலை பார்த்துவிட்டு வந்தவர். படித்தவர்கள் பேசும் பேச்சு அவரிடம் கிடையாது. முதிராத நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகள், மூச்சை விட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார். புது பலூனில் முதல் ஊது ஊதுவதுதான் கஷ்டம், பாதி ஊதிய பலூனை யாரும் ஊதலாம். இந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த முதல் ஊதை ஊதி ஊதிக் களைத்துப் போகிறது.

"தண்ணிக்குள்ள குழாய் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துல நிக்குது. அந்தத் தண்ணியத் தள்ளிக்கிட்டுத்தான் காத்து வெளிய வரணும். அந்த அழுத்தம் நுரையீரலை ஒட்ட விடாமத் தாங்கிப் பிடிக்குது. மூச்சை அவதான் விடுறா. நாம தாங்குறோம், அவ்வளவுதான்."

இவ்வளவு நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். காற்றும் தண்ணீரும் அவனுக்குத் தெரிந்த விஷயம்.

"அழுத்தம் கூடுனா மிச்சம் தண்ணி வழியா வெளியேறிரும்," என்றான் மெதுவாக. "உள்ள ஏறாது. பாட்டிலு வெடிக்காது."

டாக்டர் அவனைப் புதுசாகப் பார்த்தார். அதேதான் என்றார். மதுரையில் இருக்கும் மிஷின் தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சைத் தானே தள்ளும். தானே மூச்சு விட முடியாத குழந்தைக்கு அதுதான் உயிர், அதைக் குறை சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் தானே மூச்சு விடுகிற பிள்ளையின் பிஞ்சு நுரையீரலை மிஷின் தள்ளித் தள்ளிப் புண்ணாக்கிவிடவும் கூடும். அதனால் முதலில் இதைப் பார்ப்போம், இது போதாவிட்டால் அது.

"இன்னொண்ணு கேட்டுக்கங்க. மூக்கை விட்டுக் குழாய் நழுவுனா, காத்து அங்கயே போயிரும், பாட்டில்ல குமிழி நின்னுரும். உங்க கம்பெனியில குமிழி வந்தா ஒழுக்கு. இங்க குமிழி நின்னாத்தான் ஒழுக்கு. ராக்கம்மாளுக்கு வார்டையும் பாக்கணும், இதையும் பாக்கணும். நீங்க உள்ள உக்காருங்க. குமிழி நின்னா ஒரு குரல் கொடுங்க. எதையும் தொடாதீங்க."

"என்னையா உக்காரச் சொல்றீங்க?"

"இன்னைக்கு இந்த ஊர்ல குமிழி நின்னா என்ன ஆகும்னு உங்களைவிட நல்லாத் தெரிஞ்ச ஆளு கிடையாது."

அவன் தயங்கி நின்றான். இது சுகப்பிரியாவுக்குத் தெரிய வேண்டாமே என்று கேட்டுக்கொண்டான். பெற்றவள் இன்னும் பிள்ளை முகத்தையே பார்க்கவில்லை, ரத்தக் கொதிப்பு இறங்கும் வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். தானாக வாய் திறக்க மாட்டேன் என்றார் டாக்டர். கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன் என்றார்.

ஒன்பது மணியிலிருந்து அவன் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வீரசோழன் கல்யாண வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நூறு பெட்டி கலர் சோடா நினைவுக்கு வந்து, வந்த வேகத்தில் போனது. இரண்டு தடவை குமிழி நின்றது. இரண்டு தடவையும் அவன் போட்ட குரலில் பக்கத்து வார்டே எழுந்து உட்கார்ந்தது. ராக்கம்மாள் வந்து மூக்குக் குழாயைச் சரிசெய்தாள். மதியம் எண்ணிப் பார்த்தபோது மூச்சு அறுபத்தாறு. முனகல் நின்றிருந்தது.

இரண்டு மணிக்கு அண்ணாச்சி வந்தார்.

வாசலில் அம்பாசிடர் நின்றது. டிரைவர் ஆண்டிச்சாமி பின் சீட்டில் மெத்தை விரித்து, ஜன்னலுக்குத் துணி கட்டியிருந்தான். அண்ணாச்சி நேராகச் சுகப்பிரியாவின் கட்டிலுக்குப் போய் நின்றுகொண்டு தம்பியையும் டாக்டரையும் அங்கே வரச் சொல்லி அனுப்பினார். மதுரையில் மிஷின் ஒன்று காலியாக இருக்கிறது, அங்கே உள்ள டாக்டரிடம் பேசியாகிவிட்டது, தாயையும் பிள்ளையையும் இப்போதே கொண்டுபோகிறோம் என்றார். சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று எழுதித் தரும் காகிதத்தைக்கூட ஆபீசில் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தார்.

அண்ணாச்சியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கையால் சோடா நிரப்பிய காலத்தில் பாட்டில் வெடித்து, இடது உள்ளங்கையில் ஏழு தையல் போட்டவர். மிஷின் வாங்கிய பிறகுதான் அந்தக் குடும்பம் தலையெடுத்தது. பெரிய மிஷினை அவர் நம்புவதில் ஆச்சரியம் இல்லை. தம்பி பிள்ளைக்காக மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

டாக்டர் தடுத்தார். அந்த மோட்டாரையும் பாட்டிலையும் காரில் கட்டிக்கொண்டு போக முடியாது. மதுரை போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம், அதுவரை தாங்கல் இல்லாமல் பிள்ளை மூச்சுவிட வேண்டும். நிலைமை மோசமானால் நானே ஆக்ஸிஜனோடு கூட உட்கார்ந்து கொண்டுபோவேன், இப்போது மோசம் இல்லை என்றார்.

"மோசம் இல்லையா? காலையில பிள்ள நீலம் பாரிச்சுக் கெடந்தத இவ கண்ணால பாத்திருக்கா," என்று மதினியைக் காட்டினார் அண்ணாச்சி. "ஆச்சா, இல்லையா?"

"ஆச்சு," என்றார் டாக்டர்.

"ஏன் ஆச்சு?"

டாக்டர் நவநீதகிருஷ்ணனைப் பார்த்தார். கட்டிலில் சுகப்பிரியா முழங்கையை ஊன்றி எழுந்தாள். பிள்ளை நீலமானது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவளும் கணவனைப் பார்த்தாள்.

"டாக்டரம்மாவுக்கே பதில் தெரியல. நவநீதா, போடுலே கையெழுத்த," என்று பேனாவை நீட்டினார் அண்ணாச்சி.

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். இதுவரை அண்ணன் நீட்டிய காகிதம் எதிலும் அவன் கையெழுத்துப் போடாமல் இருந்ததில்லை. போட்டுவிட்டால் காலையில் நடந்தது யாருக்கும் தெரியாது. பாட்டில் வைத்தியம் பலிக்கவில்லை என்று ஊர் சொல்லும். கார் கிளம்பிவிடும். பாதி வழியில், வெயிலில், அந்த நெஞ்சு மறுபடி குழியத் தொடங்கினால் திறப்பதற்கு அங்கே ஒரு திருகு இருக்காது. அதைக் காலையில் ஒரு தடவை பார்த்தவன் அவன். இன்னொரு தடவை பார்க்க அவனால் முடியாது.

"அண்ணாச்சி, வைத்தியத்துல ஒண்ணும் கோளாறு இல்ல," என்றான். "நாந்தான் திருக மூடுனேன்."

"என்னலே சொல்ற?"

"தண்ணிக்குள்ள குமிழி வந்துச்சு. ஒழுகுதுன்னு நெனச்சு மூடிட்டேன். அதான் பிள்ள நீலமாயிருச்சு. ராக்கம்மாக்கா வந்து தொறந்தாக. அவுக வரலைன்னா..."

மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். சுகப்பிரியாவின் முகம் மாறியதை அவன் பார்த்தான், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான். அவள் திரும்பிப் படுத்துச் சுவரைப் பார்த்தாள்.

அண்ணாச்சி கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. கண்ணைச் சுருக்கி ஏதோ யோசித்தார்.

"குழாயி தண்ணிக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமா."

"குமிழி விடாம வந்துச்சா, விட்டு விட்டா?"

"விடாம."

"காட்டு," என்றார்.

ராக்கம்மாள் அவரையும் குழாயடிக்கு அனுப்பிக் கை கழுவ வைத்து, வெள்ளை அங்கி மாட்டி உள்ளே விட்டாள். அது அவருக்கு முழங்கால் வரைகூட வரவில்லை. அண்ணாச்சி முதலில் குழந்தையைப் பார்த்தார். பிறகு சிலிண்டரை, மோட்டாரை, குழாய் போகும் வழியை, ஒவ்வொரு இணைப்பாக, கம்பெனியில் புது மிஷின் வந்தால் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பாட்டிலுக்கு வந்தார். தண்ணீர் குபுகுபுவென்று குமிழிட்டுக்கொண்டிருந்தது.

இப்போதுதான் கேட்டுவிட்டு வந்த மனிதர். ஆனாலும் குமிழியைப் பார்த்ததும் அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, திருகின் பக்கம் நீண்டது.

ராக்கம்மாள் படக்கென்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒங்க வீட்டு ஆம்பளைக எல்லாருக்கும் இதே கைதானா அண்ணாச்சி?"

அண்ணாச்சி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அழுத்தம் கூடிப்போனால் என்ன ஆகும் என்று தம்பியிடம் கேட்டார். தண்ணீர் வழியாகப் போய்விடும், பிள்ளைக்குள் ஏறாது என்றான் அவன். மதுரை மிஷினில் எப்படி என்றார். இவன் தனக்குத் தெரிந்த அளவில் சொன்னான். அண்ணாச்சி இடது உள்ளங்கையின் தழும்பைக் கட்டைவிரலால் தடவியபடி, இன்னும் பத்து குமிழி போகும் வரை நின்று பார்த்தார்.

வெளியே வந்ததும் ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு, வண்டியைக் கொண்டுபோய்க் கடை வாசலில் விடச் சொன்னார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. நாளைக்குக் காலையில் வந்து பார்க்கிறேன், அப்போது பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்கிறேன் என்று டாக்டரிடம் மரியாதையாகவே சொன்னார். படியிறங்கப் போனவர் திரும்பித் தம்பியின் அருகில் வந்தார்.

"நானா இருந்தாலும் மூடியிருப்பேன்லே," என்றார் தணிந்த குரலில். "ஆனா நான் வெளிய சொல்லியிருக்க மாட்டேன்."

தம்பியின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு இறங்கிப் போனார். நவநீதகிருஷ்ணனுக்கு அண்ணன் கைப்பட்ட தோள் வெகுநேரம் கனத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளே.

அவளிடம் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை. முக்காலிக்கே திரும்பிப் போனான். மதினி காபி கொண்டுவந்து கொடுத்தாள். சுகப்பிரியா சாப்பிட்டாளா என்று கேட்டான். சாப்பிட்டாள், பேசவில்லை என்றாள் மதினி.

ஐந்தரை மணிக்கு டாக்டர் வந்தார். மூச்சை எண்ணினார். ஐம்பத்தெட்டு. இன்னொரு தடவை எண்ணினார், மாற்றமில்லை. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவது இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது. தாங்கலைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க, தண்ணீருக்குள் நின்ற குழாயை மெல்லப் பிடித்து, ஆறாம் கோட்டிலிருந்து ஐந்துக்கு உயர்த்திப் பிளாஸ்திரி போட்டார். எல்லாரும் பெட்டியையே பார்த்தார்கள். கால் மணி நேரம் போனது. குழந்தை கொட்டாவி விட்டது.

இந்த ராத்திரி இப்படியே தாங்கிவிட்டால் காலையில் நாலாம் கோட்டுக்கு வரலாம் என்றார் டாக்டர். அதையும் தாங்கினால், மூக்குக் குழாயை ஒரு மணி நேரம் எடுத்து வைத்துப் பார்க்கலாம். தாங்குமா என்று அவன் கேட்டான். தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த டாக்டரை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இதையாவது போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தான்.

சுகப்பிரியா உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிப் பின்னியிருந்தாள். அவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஆறு ஐந்தாகிவிட்டது, மூச்சு ஐம்பத்தெட்டு, கொட்டாவி விட்டாள் என்று ஒப்பிப்பதுபோலச் சொல்லி முடித்தான்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள் அவள்.

"ஆமா."

"பெறகு ஏன் சொன்னீங்க?"

"காரு வாசலுக்கு வந்துருச்சு சுகப்பிரியா."

அவள் வயிற்றுத் தையலைக் கையால் தாங்கிக்கொண்டு காலைக் கீழே வைத்தாள். சாயங்காலம் ரத்தக் கொதிப்பு இறங்கிவிட்டது, மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம். அதை ஒரு மணி நேரமாக அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவன் கை கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடித்துக்கொண்டாள். பிடி கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது.

குழந்தைகள் அறைக்கு இருபது அடி. அதைக் கடக்க அவர்களுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ராக்கம்மாள் அவளுக்குக் கை கழுவிவிட்டு, பெட்டியின் ஓரத்துக் கதவைத் திறந்துவிட்டாள். சுகப்பிரியா ஒரு விரலை உள்ளே நீட்டினாள். மூன்று நாள் வயசுக் கை அந்த விரலைப் பற்றிக்கொண்டது. அவள் அழுதாள், அவனும் அழுதான். ராக்கம்மாள் மட்டும் பெட்டிக்குள் கண்ணீர் சிந்தக் கூடாது என்று அதட்டினாள்.

அழுது முடித்ததும் சுகப்பிரியா முக்காலியைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். குமிழி நின்றால் குரல் கொடுக்க வேண்டும் என்பதை அவனிடம் ஒரு தடவையும் ராக்கம்மாளிடம் இன்னொரு தடவையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒங்ககிட்டப் பேச வேண்டியது நெறைய இருக்கு. அத வீட்டுக்குப் போயிப் பேசிக்கிறேன்," என்றாள், பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எட்டு மணி வரைக்கும் இத நான் பாக்குறேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எங்க போறீங்க? இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க," என்றாள் அவள். "கைய மட்டும் மடியில வச்சுக்கிடுங்க."